மூன்று நகல், ஒரே பை

வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்கப் பெரும்பாலும் மறப்பதில்லை. எடுத்ததை மடித்து, பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே செருகிவிடுகிறோம். செல்போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம். அசல், ஜெராக்ஸ், போன் மூன்றும் ஒரே கைப்பைக்குள் போகின்றன. ரயில் நிலையத்தில் அந்தப் பை களவு போனால், மூன்றும் சேர்ந்தே போகும்.

நிகழ்தகவுக் கணக்கு இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டும். ஒரு பொருள் தொலையும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று சாராத இரண்டு பொருள்கள் ஒருசேரத் தொலையும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. மூன்று என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. 'ஒன்றையொன்று சாராத' என்ற நிபந்தனை இருந்தால்தான் இந்தப் பெருக்கல் செல்லும். ஒரே பையில் வைத்துவிட்டால், மூன்றும் சேர்ந்து தொலையும் வாய்ப்பு மறுபடியும் நூற்றில் ஒன்றுதான்.

இப்படி ஒரே காரணத்தால் எல்லா மாற்று ஏற்பாடுகளும் ஒருசேர விழுவதைப் பொறியாளர்கள் 'பொதுக் காரணப் பழுது' என்கிறார்கள். இதற்கு அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் நடந்த விமான விபத்து. அந்த டிசி-10 விமானத்தை இயக்க மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள் இருந்தன. ஒன்று போனாலும் மற்றவை காப்பாற்றும் என்பது ஏற்பாடு. ஆனால், மூன்றின் குழாய்களும் வால் பகுதியில் அருகருகே சென்றன. அங்கிருந்த இன்ஜினின் விசிறித் தட்டு உடைந்து சிதறியபோது, அதன் துண்டுகள் பட்டு மூன்று அமைப்புகளும் செயலிழந்தன. விமானத்தில் இருந்த 296 பேரில் 112 பேர் உயிரிழந்தனர்.

பயணிக்கு இன்று இத்தகைய பொதுக் காரணம் பெரும்பாலும் செல்போன்தான். 'எல்லாம் டிஜிலாக்கரில் இருக்கிறது, மெயிலில் இருக்கிறது' என்று தைரியமாக இருக்கிறோம். போன் தொலைந்த பிறகு வேறொரு கணினியில் உட்கார்ந்து உள்ளே நுழையப் பார்த்தால் ஓடிபி கேட்கும். அந்த ஓடிபி வரும் சிம் தொலைந்த போனுக்குள் இருக்கும். புது சிம் வாங்கலாம் என்றால் கடை ஊரில் இருக்கிறது. ஆவணங்கள் பத்திரமாகவே இருந்தும் நம் கைக்கு வராது.

இதற்கு வழி உண்டு. கூகுள் போன்ற சேவைகளில், ஓடிபிக்குப் பதிலாக ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் காப்புக் குறியீடுகளை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம். கூகுள் ஒரு தடவைக்கு 10 குறியீடுகள் தருகிறது. அவற்றைத் தாளில் அச்சிட்டு, கடவுச்சொல்லை அதில் எழுதாமல், போன் இருக்கும் பையில் இல்லாத வேறு பெட்டியில் வையுங்கள். ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் எல்லா ஆவணங்களின் நகலும் இருக்கட்டும். அவருடைய எண்ணை +91 சேர்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

நகலில் எவையெல்லாம் இருக்க வேண்டும்? இந்திய பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தோடு, பெற்றோர் பெயர் உள்ள கடைசிப் பக்கமும் தேவை. விசாவும், அந்த நாட்டுக்குள் நுழைந்தபோது குத்திய முத்திரையும் சேர வேண்டும். புகைப்படப் பக்கத்தின் அடியில், அம்புமுனைக் குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். வரிக்கு 44 இடங்கள். ஜெராக்ஸில் அவை வெட்டுப்படாமல் விழ வேண்டும். அவற்றுக்குள் ஒரு அழகான கணக்கு இருக்கிறது.

பிறந்த தேதி 1974 ஆகஸ்ட் 12 என்றால், அங்கே 740812 என்று இருக்கும். இந்த ஆறு இலக்கங்களையும் வரிசையாக 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்கினால் 49, 12, 0, 56, 3, 2 கிடைக்கும். கூட்டினால் 122. அதன் கடைசி இலக்கமான 2, தேதிக்கு அடுத்து அச்சாகியிருக்கும். யாராவது 740812 என்பதை 740817 என்று தவறாக அடித்தால், கூட்டுத்தொகை 127 ஆகும். 2 வர வேண்டிய இடத்தில் 7 வருவதால் பிழை அங்கேயே பிடிபடும். பாஸ்போர்ட் எண்ணுக்கும் காலாவதி தேதிக்கும் இதே காவல் உண்டு.

என்றாலும், நகல் பாஸ்போர்ட் ஆகாது. புதிய பாஸ்போர்ட்டுகளின் சிப்பில் உள்ள விவரங்களுக்கு, வழங்கிய நாட்டின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். ஜெராக்ஸில் அது வராது. நகலின் வேலை, நீங்கள் யார் என்பதைத் தூதரகம் விரைவாக உறுதிசெய்ய உதவுவது. முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார், பிறகு இந்தியத் தூதரகம். ஊர் திரும்ப மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழை அங்கே பெறலாம். தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட் பிறகு கிடைத்தாலும் அதில் பயணம் செய்யக் கூடாது. தொலைந்த, திருடுபோன பயண ஆவணங்களுக்காக 2002-இல் இன்டர்போல் தொடங்கிய தரவுத்தளத்தில் அதன் எண் ஏறியிருக்கலாம்.

நினைவிழந்து கிடக்கும்போது பாஸ்போர்ட்டைவிட முக்கியமானது மருத்துவத் தகவல். நம் ஊரில் அடையாள அட்டையில் முதலில் ரத்த வகையைப் போடுகிறோம். ஆனால், அட்டையை நம்பி எந்த மருத்துவமனையும் ரத்தம் ஏற்றாது, பரிசோதித்துவிட்டே ஏற்றும். மருத்துவர் தேடுவது ஒவ்வாமை, நாள்பட்ட நோய், சாப்பிடும் மருந்துகள். குறிப்பாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் இன்சுலினும். மருந்தை டோலோ என்று பிராண்ட் பெயரில் எழுதினால் பாரிஸில் புரியாது, பாராசிட்டமால் என்றால் புரியும். அதுவே அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். ஆஸ்துமாவுக்கான சல்ப்யூட்டமால் அங்கே அல்ப்யூட்டரால். அமெரிக்கா செல்பவர்கள் இரு பெயரையும் எழுதிக்கொள்வது நல்லது.

போனைத் திறக்காமலே இவற்றைப் பிறர் பார்க்கும்படி, அவசரகாலத் தகவல் பகுதியில் பதியலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பொது அவசர எண்ணான 112-ஐப் பூட்டிய போனிலிருந்தும் அழைக்க முடியும். சார்ஜ் தீர்ந்தால் திரை இருண்டுவிடும் என்பதால், இதே விவரங்கள் ஒரு சிறு அட்டையில் சட்டைப் பையிலும் இருக்கட்டும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். போனை அணைத்து வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். கைப்பையையும் தள்ளி வையுங்கள். மிச்சம் இருப்பதை வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் பாஸ்போர்ட் நகலை எடுக்கவும், வீட்டாரை அழைக்கவும், மருந்துப் பட்டியலைக் காட்டவும் முடிகிறதா? எங்கே தடுக்கிறதோ, அதைச் சரிசெய்ய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.