முதியோர் இல்லத்தைத் தெரிந்தெடுத்தல்

பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் பிள்ளைகள் வெளியூரில் பிழைக்க, முதிர்ந்த பெற்றோர் தனித்திருக்கும் குடும்பங்கள் பல. பெற்றோரை எந்த இல்லத்தில் சேர்க்கலாமெனப் போதகரையே அவர்கள் வினவுவர். வறிய முதியோர் 150 பேருக்கேனும் இடமுள்ள ஓர் இல்லம் மாவட்டந்தோறும் அமைய 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வழிசெய்தது. ஆயினும் இல்லத்தின் தரத்தை நேரில் கண்டே அறிதல் வேண்டும்.

முன்னறிவிப்பின்றி உணவு வேளையில் செல்க. இரவில் செவிலியர் உளரா? எழ இயலாதோரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கின்றனரா? படுக்கைப்புண் காணப்படுகிறதா? நோய் முற்றினால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வோர் யார்? இவற்றை வினவுக.

அனைத்திலும் மேலாக, அங்குள்ள முதியவரோடு தனித்துப் பேசுக. அதற்கு இடங்கொடாத இல்லத்தை விலக்குக. முதியவர் அச்சமின்றிக் குறைகூற இயலுவதே நல்லில்லத்தின் அடையாளம். குறையுண்டாயின் 14567 என்னும் முதியோர் உதவி எண் உண்டு. சேர்த்தபின்னும் பிள்ளைகளும் போதகரும் சென்று காண்பதே அவருக்குற்ற காவல்.