இரசாயன உரமின்றி விளையுமா? – ஒரு சுவிஸ் வயலின் விடை

இரண்டு உழவர்கள் கோதுமை பயிரிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தொழுஉரம் மட்டுமே இடுகிறார், பூச்சிமருந்தைத் தொடுவதில்லை. மற்றவர் மூட்டை மூட்டையாக இரசாயன உரம் இடுகிறார். களைக்கும் பூச்சிக்கும் மருந்து தெளிக்கிறார். அறுவடை முடிந்தபோது இரண்டாமவர் களத்தில் கோதுமை அதிகமாகக் குவிந்திருக்கிறது. ஆகவே இரசாயன உரமே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா?

கூடாது. இருவருடைய மண்ணும் ஒன்றல்ல. ஒருவர் வயலில் நீர் தேங்கியிருக்கலாம். ஒருவர் விதை தரமற்றதாக இருந்திருக்கலாம். மேலும், ஒரே ஓர் ஆண்டின் விளைச்சலை வைத்துக்கொண்டு மண்ணின் நலத்தைச் சொல்ல முடியாது. அப்படியானால் நியாயமான ஒப்பீடு எப்படி இருக்க வேண்டும்? ஒரே மண், ஒரே மழை, ஒரே பயிர் வரிசை. வேளாண் முறை மட்டும் வேறு. அதுவும் பல ஆண்டுகள் தொடர வேண்டும். இப்படிப்பட்ட ஒரு சோதனை ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து நாட்டில் 1978-ஆம் ஆண்டு தொடங்கியது. அது இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

தெர்வில் வயல்

பாசெல் நகருக்கு அருகில் தெர்வில் என்றோர் ஊர் உண்டு. பண்டைக் காலத்தில் காற்று அடித்துக்கொண்டு வந்து படியவைத்த நுண்மண் அங்கே ஆழமாகக் கிடக்கிறது. நல்ல விளைநிலம். சுவிட்சர்லாந்தில் இயற்கை வேளாண்மைக்கென 1973-இல் தோன்றிய ஆராய்ச்சி நிலையமும், அந்நாட்டு அரசின் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் கூட்டாக இவ்வயலில் சோதனையைத் தொடங்கின.

வயலை 96 பாத்திகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் 5 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம். ஒரே முறையை ஒரே இடத்தில் செய்யாமல், வயலின் நான்கு பகுதிகளில் திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஏன் தெரியுமா? வயலின் ஒரு மூலை இயல்பாகவே சற்று வளமாக இருக்கக்கூடும். ஒரு முறை முழுவதும் அம்மூலையிலேயே அமைந்துவிட்டால், மண் பெற்றுத் தந்த வெற்றியை முறையின் வெற்றி என்று நாம் தவறாக எண்ணிவிடுவோம்.

போட்டியில் இறங்கிய முறைகள் யாவை? முதலாவது, ருடால்ஃப் ஸ்டெய்னர் 1924-இல் நிகழ்த்திய சொற்பொழிவுகளிலிருந்து பிறந்த 'உயிராற்றல்' வேளாண்மை. இதில் மட்கிய எருவோடு, மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைத்துச் செய்யும் கரைசல் போன்ற சில தனிப் பக்குவங்களும் உண்டு. இரண்டாவது, சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் முல்லர், மரியா முல்லர் தம்பதியரும், ஹான்ஸ் பீட்டர் ரூஷ் என்ற ஜெர்மன் மருத்துவரும் வளர்த்த இயற்கை வேளாண்மை. மூன்றாவது, தொழுஉரத்துடன் இரசாயன உரமும் பூச்சிமருந்தும் சேர்ந்த வழக்கமான முறை. இவையன்றி, இரசாயன உரம் மட்டும் இடும் பாத்திகளும், எந்த உரமும் இடாத பாத்திகளும் ஒப்பிடுவதற்காக விடப்பட்டன.

எல்லாப் பாத்திகளிலும் பயிர்ச் சுழற்சி ஒன்றே. உருளைக்கிழங்கு, கோதுமை, பீட் கிழங்கு, பார்லி என்று மாறி மாறி வரும். பிறகு புல்லும் குளோவர் என்ற தீவனச் செடியும் கலந்து வளரும். குளோவர் நம் பயறு வகையின் உறவு. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. தொழிற்சாலையில் இதே வேலையைச் செய்ய மிகுந்த வெப்பமும் அழுத்தமும் தேவை. எரிவாயுவும் ஏராளமாகச் செலவாகும்.

இருபத்தோரு ஆண்டுக் கணக்கு

விஞ்ஞானிகள் அவசரப்படவில்லை. 21 ஆண்டுகளின் முடிவுகளைத் திரட்டி 2002-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். இயற்கை முறைப் பாத்திகளில் விளைச்சல், சராசரியாக 20 சதவீதம் குறைவு.

"அப்படியானால் தோல்விதானே?" என்று கேட்பீர்கள். பொறுங்கள். கணக்கின் மறுபக்கத்தையும் பார்ப்போம். அப்பாத்திகளுக்கு அளிக்கப்பட்ட தழை, மணி, சாம்பல் சத்துகள் 34 முதல் 51 சதவீதம் வரை குறைவு. பூச்சிமருந்தோ 97 சதவீதம் குறைவு. உரம் செய்யவும் உழவும் செலவான எரிசக்தியும் குறைவுதான். உணவில் ஏறத்தாழப் பாதி குறைந்தும் வேலையில் ஐந்தில் ஒரு பங்கே குறைந்த ஓர் ஆளை எண்ணிக்கொள்ளுங்கள். இந்த மண் அப்படித்தான் நடந்துகொண்டது.

இந்த வலிமை எங்கிருந்து வந்தது? மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது விடை கிடைத்தது. இயற்கை முறைப் பாத்திகளில் மண்புழுக்கள் 1.3 முதல் 3.2 மடங்கு வரை மிகுதி. பயிரின் வேர்களோடு கூட்டு வாழ்க்கை நடத்தி, வேர் எட்டாத இடத்திலிருந்தும் மணிச்சத்தைக் கொண்டுவந்து தரும் பூஞ்சைகள், 40 சதவீதம் அதிகமான வேர் நீளத்தில் குடியேறியிருந்தன. பூச்சிகளைத் தின்னும் வண்டுகளும் சிலந்திகளும் ஏறக்குறைய இரு மடங்கு. மருந்து தெளித்த கோதுமையில் ஒரே ஒரு வகைக் களை இருக்க, தெளிக்காத கோதுமையில் 9 முதல் 11 வகைகள் இருந்தன. உழவருக்கு இது தொல்லை; தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இது விருந்து!

நீங்களே செய்து பாருங்கள்

இயற்கை முறை மண்ணின் கட்டிகள் நீரில் எளிதில் கரையாமல் 10 முதல் 60 சதவீதம் வரை கூடுதல் உறுதியுடன் இருந்தன என்பதும் ஒரு முடிவு. இதன் பொருளை வீட்டிலேயே அறியலாம்.

இலைச்சருகு மட்கிய மரத்தடியிலிருந்து ஒரு சிறு மண்கட்டியும், பலரும் மிதித்து நடக்கும் வெற்று நிலத்திலிருந்து ஒரு மண்கட்டியும் எடுத்து நன்றாக உலர்த்துங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் நீர் நிரப்பி, ஒவ்வொன்றின் வாயிலும் கொசுவலைத் துண்டைத் தொட்டில்போல் கட்டுங்கள். தொட்டில் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். இரு கட்டிகளையும் ஒரே நேரத்தில் மெல்ல வையுங்கள். எது முதலில் உதிர்கிறது என்று கவனியுங்கள்.

பெரும்பாலும் மரத்தடிக் கட்டி நெடுநேரம் நிற்கும். பூஞ்சை இழைகளும், நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும், மண்புழுக் கழிவும் மண்துகள்களைக் கட்டிப் பிடித்திருப்பதே காரணம். மண் உதிர்ந்து சேறானால் மழைநீர் உள்ளே இறங்காது. மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடும். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

குறை எங்கே?

இனி மறுதரப்பையும் கேட்போம். 20 சதவீதம் என்பது சராசரி. பயிருக்குப் பயிர் அது வேறுபட்டது. புல்லும் குளோவரும் எல்லா முறைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு விளைந்தன. இயற்கை முறைக் கோதுமை ஹெக்டேருக்கு 4.1 டன், அதாவது வழக்கமான முறையில் கிடைத்ததில் 90 சதவீதம். ஆனால் உருளைக்கிழங்கு 58 முதல் 66 சதவீதம்தான்! சாம்பல்சத்துப் பற்றாக்குறையும், இலைகளைக் கருக்கும் பின்கருகல் நோயுமே காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்தில் பெரும் பஞ்சத்தை விளைவித்தது இதே நோய்தான்.

இன்னொன்றும் உண்டு. இயற்கை முறைப் பாத்திகளில் பயிர் உடனே எடுத்துக்கொள்ளக்கூடிய மணிச்சத்தும் சாம்பல்சத்தும் குறைந்து காணப்பட்டன. வங்கியில் போட்டதைவிட அதிகமாக எடுத்தால் இருப்பு என்னவாகும்? அந்தக் கவலைதான் இங்கும்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். விளைச்சல் 20 சதவீதம் குறைந்தால், முன்பு 100 ஏக்கரில் கிடைத்த அளவைப் பெற எத்தனை ஏக்கர் வேண்டும்? 120 அல்ல, 125 ஏக்கர். அந்த 25 ஏக்கருக்கு எங்கே போவது? காட்டை அழித்தா? அல்லது வெளிநாட்டிலிருந்து உணவை வாங்கியா? தனக்கு வேண்டிய உணவில் பாதியளவே விளைவிக்கும் சுவிட்சர்லாந்துக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று.

வயலிலிருந்து நாட்டுக்கு

இவ்வளவு வாதங்களுக்கிடையே அந்நாட்டில் இயற்கை வேளாண்மை வளர்ந்தே வந்திருக்கிறது. 1981-இல் இயற்கை உழவர் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து 'பயோ சுவிஸ்' என்ற கூட்டமைப்பை நிறுவின. அதன் சின்னம் ஒரு மொட்டு. பண்ணையின் ஒரு வயலை மட்டும் இயற்கை முறைக்கு மாற்றினால் மொட்டுச் சின்னம் கிடைக்காது. பண்ணை முழுவதும் மாற வேண்டும். 1993-இல் அரசு இயற்கை உழவர்களுக்கு நேரடி உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் 'கோஆப்' என்ற பெரிய கடைத்தொடர் இயற்கை உணவுப் பொருள்களைத் தனிப் பெயரில் விற்கத் தொடங்கியது. இன்று அந்நாட்டு விளைநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும் அளவு இயற்கை முறையில் உள்ளது. கடைகளில் விற்கும் உணவில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இயற்கை உணவு.

ஆனால் நாடெங்கும் ஒரே சீராக இது பரவவில்லை. ஆல்ப்ஸ் மலைமீதுள்ள கிராபுண்டன் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பண்ணைகள் இயற்கைப் பண்ணைகள். கிழங்கும் கோதுமையும் விளையும் சமவெளியில் அவை மிகவும் குறைவு. காரணத்தை நீங்களே ஊகிக்கலாம். மலையில் விளைவது புல்; மேய்வது மாடு. புல் எம்முறையிலும் ஏறத்தாழ ஒரே அளவு விளையும் என்று தெர்வில் வயல் சொல்லவில்லையா? எரு தரும் மாடும் அருகிலேயே நிற்கிறது. சமவெளி உழவரோ, மாறினால் விளைச்சலில் ஒரு பகுதியை இழக்க நேரிடும்.

மக்கள் முன் வைத்த கேள்வி

குளோரோத்தலோனில் என்ற பூஞ்சைக்கொல்லியை 2020-இன் தொடக்கத்தில் அந்நாடு தடை செய்தது. அது சிதைந்து உண்டான பொருள்கள் நிலத்தடி நீரில் கலந்திருப்பது தெரிந்து மக்கள் கலங்கினார்கள். சுவிட்சர்லாந்தில் போதிய கையொப்பம் திரட்டினால் எந்தக் கோரிக்கையையும் நாட்டு மக்களின் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். 2021 ஜூன் 13 அன்று இரண்டு கோரிக்கைகள் வாக்கெடுப்புக்கு வந்தன. ஒன்று, பத்தாண்டு அவகாசத்தில் செயற்கைப் பூச்சிமருந்துகளை அடியோடு தடை செய்வது. மற்றொன்று, அவற்றைப் பயன்படுத்தும் பண்ணைகளுக்கு அரசு உதவித்தொகையை நிறுத்துவது. இரண்டுமே தோற்றன. நூற்றுக்கு ஏறத்தாழ 61 பேர் வேண்டாம் என்றார்கள். உணவு விலை ஏறும், விளைச்சல் குறைந்து இறக்குமதி பெருகும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். ஆனால் நூற்றுக்கு 39 பேர் தூய நீரை முன்னிட்டு அந்த விலையையும் தர முன்வந்தார்கள் என்பதையும் மறக்கலாகாது.

அப்படியானால் தலைப்பிலுள்ள கேள்விக்கு விடை என்ன? விளையும். ஆனால் குறைவாக விளையும். எவ்வளவு குறைவு என்பது பயிரையும் மண்ணையும் பொறுத்தது. ஈடாக மண் உயிரோடிருக்கும். நீர் தூய்மையாக இருக்கும். ஒன்றைப் பெற மற்றொன்றை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை விஞ்ஞானம் மட்டும் தீர்மானிக்க முடியாது. ஆனால் எதற்கு என்ன விலை என்பதை அளந்து காட்ட விஞ்ஞானத்தால்தான் முடியும்.

வெப்ப நாடுகளின் மண்ணுக்கும் தெர்வில் விடை பொருந்துமா? அதை அறிய அதே ஆராய்ச்சி நிலையம் 2007 முதல் இந்தியா, கென்யா, பொலிவியா ஆகிய நாடுகளிலும் நீண்ட காலச் சோதனைகளை நடத்தி வருகிறது. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்துப் பருத்தி வயல்களில் அது நடைபெறுகிறது. மண் மெதுவாகத்தான் பேசும். அதன் விடையைக் குறித்துக்கொள்ள, இன்று பள்ளியில் படிக்கும் உங்களைப் போன்றோர் நாளை தேவைப்படுவார்கள்.