குறும்பின் எல்லையும் தண்டனையின் எல்லையும்

பாடசாலை என்று ஒன்று இருக்கும் வரையில் அதில் குறும்பும் இருக்கும். உபாத்தியாயர் கரும்பலகைப் பக்கம் திரும்பியவுடன் காகித அம்பு பறப்பதும், முன் பெஞ்சுக்காரன் சட்டையில் மைத்துளி விழுவதும், சாப்பாட்டு டப்பா இடம் மாறிப் போவதும் எந்தத் தலைமுறைக்கும் புதியவை அல்ல. இவற்றுக்கெல்லாம் முகம் சுளிப்பவர் தாம் சிறுவராக இருந்த காலத்தை மறந்தவரே யாவர். சட்டமே இவற்றுக்கு முகம் சுளிப்பதில்லை. சாதாரண புத்தியும் சுபாவமும் உள்ள எவரும் குறை கூறாத அளவுக்கு அற்பமான தீங்கு குற்றமாகாது என்று 1860-ம் வருஷத்து இந்தியன் பீனல் கோடின் 95-வது பிரிவு விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தக் கோடின் ஸ்தானத்தில் அமலுக்கு வந்த பாரதிய நியாய ஸம்ஹிதையிலும் அவ்விதி 33-வது பிரிவாக நிலைத்திருக்கிறது. மைத்துளிக்காகக் கோர்ட்டுப் படியேறுகிறவரைச் சட்டம் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும்.

கவலைக்குரிய விஷயம் வேறு. உட்காரப் போகிறவனுடைய நாற்காலியைப் பின்னாலிருந்து இழுப்பதற்கும் விளையாட்டு என்றே பெயர். அவ்வாறு விழுகிறவன் முதுகெலும்பின் அடிநுனி தரையில் மோத விழுகிறான். தலை பின்பெஞ்சின் விளிம்பில் இடிக்கிறது. பூனைக்காலிச் சுணையைச் சட்டைக்குள் தூவுவதற்கும், கிணற்றடியில் நிற்பவனைப் பிடித்துத் தள்ளுவதற்கும், ஒரு பெண்ணின் பின்னலைப் பெஞ்சோடு முடிந்து வைப்பதற்கும் அதே பெயர்தான். ஒருவர் அழ, நாற்பது பேர் சிரிக்க, "சும்மா விளையாட்டுக்குத்தான், ஸார்!" என்ற ஒரே சமாதானம் எல்லாவற்றுக்கும் சொல்லப்படுகிறது. விளையாட்டு எந்த இடத்தில் முடிந்து குற்றம் எந்த இடத்தில் தொடங்குகிறது? தொடங்கிவிட்டால் அதற்குரிய தண்டனை யாது?

முதற் கேள்விக்கு, நாம் அறிந்த வழக்குகளுள் மிகத் தெளிவான விடை தருவது அமெரிக்காவில் நடந்த ஒன்று. விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் வாக்கேஷா என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில், 1889-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 20-ந் தேதி, பன்னிரண்டு வயது நிரம்பாத ஒரு பையன், நடைபாதைக்கு அப்பால் உட்கார்ந்திருந்த பதினான்கு வயதுப் பையனைக் காலை நீட்டி முழங்காலுக்குக் கீழே லேசாக உதைத்தான். உதைபட்டவன் அக்கணத்தில் அதை உணரவே இல்லை. சில நிமிஷங்களுக்குள் பொறுக்கமுடியாத வலி எடுத்தது. சில நாட்களுக்குள் கால் வீங்கிற்று. ரண சிகிச்சை செய்து பார்த்தபோது உள்ளே எலும்பு கெட்டிருந்தது. அதே காலில் முழங்காலுக்கு மேலே முந்தின மாதத்தில் ஏற்பட்டிருந்த ஒரு காயம் அப்பொழுதுதான் ஆறிக்கொண்டிருந்ததாம். அந்தக் கால் அவனுக்கு மறுபடியும் உதவவில்லை. உதைத்தவனுக்குத் தீங்கு செய்யும் எண்ணம் சிறிதும் இல்லை என்று ஜூரிகளே கண்டார்கள். கண்டும், 2,500 டாலர் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்றார்கள். 1891-ல் அந்த ராஜ்யத்தின் உச்ச நியாய ஸ்தலம், சாட்சியத்தைப் பற்றிய ஒரு பிழைக்காக வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பிற்று. ஆயினும் மூல தத்துவத்தை அது ஒப்புக்கொண்டது. அத் தத்துவம் நம் உபாத்தியாயர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. இதே உதை விளையாட்டு மைதானத்தில், சிறுவர் வழக்கமாக ஆடும் ஆட்டத்தின் நடுவே விழுந்திருந்தால், அதில் கலந்துகொண்டவன் அதற்கு உடன்பட்டவனே என்று கொள்ளலாம். மணி அடித்து வகுப்புத் தொடங்கியபின், புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தவன் எந்த ஆட்டத்துக்கும் உடன்படவில்லை. ஆகவே அவனைத் தொட்டதே முறையற்ற செயல். விளைவு எவ்வளவு எதிர்பாராததாயினும் தொட்டவனையே சாரும் என்றனர் நீதிபதிகள்.

அடி பலமா, எண்ணம் கெட்டதா என்ற இரண்டு கேள்விகளையும் ஒதுக்கிவிட்டு, எதிரே இருந்தவன் ஆட்டத்தில் இருந்தானா என்ற ஒரே கேள்வியை அவர்கள் கேட்டார்கள். இதைவிட நல்ல அளவுகோல் நமக்குத் தென்படவில்லை. சடுகுடுவில் முழங்கால் சிராய்ந்தவன் பிராது கொடுப்பதில்லை; சடுகுடு தெரியாமல் ஓரத்தில் நின்றவனை இழுத்துப் போட்டவன் "ஆட்டம்" என்று சொல்லித் தப்பலாகாது. நம்முடைய சட்டமும் இதே வழியில்தான் சென்றிருக்கிறது. 1996-ல் அண்ணாமலை சர்வகலாசாலையில் மருத்துவ வகுப்பின் முதல் வருஷ மாணவர் ஒருவர் கொலையுண்ட பயங்கரத்திற்குப் பின், 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன் விளக்கப் பிரிவு, கேலி செய்வதையும் குறும்பு விளையாட்டுக்கு ஆளாக்குவதையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டு, ஒரு மாணவர் சாதாரணமாக மனமுவந்து செய்யாத காரியத்தைச் செய்யச் சொல்வதும் ராகிங்கே என்கிறது. மனமுவந்து என்ற சொல்லைக் கவனிக்க. இரண்டு வருஷம் வரை சிறையும் பதினாயிரம் ரூபாய் வரை அபராதமும் அந்தச் சொல்லின்மேல் நிற்கின்றன.

நம் நாட்டில் இந்த அளவுகோலைக் கூர்மையாகப் பிரயோகிக்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. அது ஜாதி. ஒருவன் எப்பொழுதும் பையைத் தூக்குகிறவனாகவும் மற்றொருவன் எப்பொழுதும் தூக்கச் சொல்கிறவனாகவும் இருந்தால், அவ்விருவருக்குமிடையே நடப்பது எவ்வளவு சிரிப்பொலியுடன் நடந்தாலும் விளையாட்டு ஆகாது. விளையாட்டில் முறை மாறும். நேற்று ஏமாந்தவன் இன்று ஏமாற்றுவான். முறை மாறாத குறும்பு அடிமைத்தனம். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில், தன்னைத் துன்புறுத்திய சக மாணாக்கர்களைப் பற்றிப் பள்ளியில் முறையிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளை ஒருவன், இரவில் தன் வீட்டிலேயே அரிவாள் வெட்டுக்கு ஆளானான். அவன் தங்கையும் காயமுற்றாள். அதன் பேரில் ஸர்க்கார் நியமித்த, ஓய்வுபெற்ற ஹைகோர்ட்டு நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர்க் குழு 2024 ஜூனில் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. ஜாதியைக் காட்டும் கைக்கயிறு பாடசாலைக்குள் கூடாது என்பது அதன் சிபார்சுகளுள் ஒன்று. கயிறு சின்ன விஷயம் என்று நகைத்தவர்கள் உண்டு. அரிவாளும் சின்ன விஷயங்களிலிருந்துதான் வளர்ந்தது.

செல்போன் வந்தபின் மற்றொரு மாறுதலும் நேர்ந்திருக்கிறது. முன்னெல்லாம் அவமானம் மணி அடித்தவுடன் முடிந்தது; அடுத்த வாரம் வேறொருவன் அகப்படுவான். இன்று நாற்காலியை இழுப்பவன் ஒருவன், படம் பிடிப்பவன் மற்றொருவன். விழுந்தவன் எழுந்துவிடுவான், படத்தில் அவன் விழுந்துகொண்டே இருப்பான். படம் பிடித்தவனை வேடிக்கை பார்த்தவன் என்று விட்டுவிடும் உபாத்தியாயர் பிரதான குற்றவாளியை விட்டுவிடுகிறார் என்பதே நம் அபிப்பிராயம்.

இனித் தண்டனை. "கண் இரண்டையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உரித்துவிடுங்கள்" என்று சொல்லிப் பிள்ளையைத் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் ஒப்புவித்த வழக்கம் நம்முடையது. பிரம்பும் கோதண்டமும் சட்டாம்பிள்ளையின் குட்டும் படித்தவர்களை உண்டாக்கின என்று பெருமையாகப் பேசுவோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கை ஞாபகமூட்டுவோம். பீனல் கோடு இயற்றப்பட்ட அதே 1860-ம் வருஷத்தில், இங்கிலாந்தில் ஈஸ்ட்போர்ன் நகரத்து உபாத்தியாயர் ஒருவர், தகப்பனாரின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற்றுக்கொண்டு, பிடிவாதக்காரன் என்று தாம் கருதிய ஒரு மாணவனை இரவில் வெகுநேரம் அடித்தார். காலையில் பையன் பிணமாகக் கிடந்தான். மிதமான தண்டனைக்கே தகப்பனார் அனுமதி செல்லும் என்று கூறிய கோர்ட்டு, உபாத்தியாயருக்கு நான்கு வருஷக் கடின சிறைவாஸம் விதித்தது. மிதம் எது என்று கோபத்திலிருக்கும் கைக்குத் தெரியாது. அந்த இங்கிலாந்தே 1987-ல் ஸர்க்கார் பள்ளிகளிலிருந்து பிரம்பை ஒழித்துவிட்டது. தமிழ்நாட்டில் 2003-ல் கல்வி விதிகளைத் திருத்தியும், தேச முழுவதும் 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவினாலும் அடியும் மனத்துன்புறுத்தலும் விலக்கப்பட்டன.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவந்த காலத்தில், எதற்கும் அடங்காத பதினேழு வயது இளைஞன் ஒருவனை ஒரு நாள் கோலால் கையில் அடித்துவிட்டார். அடிக்கும்போதே அவர் உடல் நடுங்கிற்று. அவன் அழுது மன்னிப்புக் கேட்டான். பிறகு அடங்கியும் நடந்தான். பிரம்புக் கக்ஷியார் இதைத் தம் வெற்றியாகக் கொள்ளலாம். ஆனால் காந்தியடிகள் அவ்வாறு கொள்ளவில்லை. வலித்ததற்காக அவன் அழவில்லை, தமக்கு நேர்ந்த வேதனையைக் கண்டே அழுதான் என்று கருதினார். அடித்ததற்காகப் பின்னும் வருந்தித் தம் சரித்திரத்தில் எழுதிவைத்தார்.

பிரம்பு போனபின் தலைமை உபாத்தியாயர் கையில் எஞ்சியிருப்பவை போலீஸும் டி.ஸி.யும் என்று ஆகிவிட்டது. போலீஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் குற்றமே அன்று. பன்னிரண்டு வரையில் அதன் அறிவு முதிர்ச்சியைப் பார்க்க வேண்டும். பதினெட்டுக்குட்பட்ட எவரையும் லாக்கப்பில் வைக்கலாகாது. பிள்ளைகளைப் பயமுறுத்துவதற்காக ஸ்டேஷனுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் சட்டத்துக்கு முற்றிலும் விரோதமானது. மண்டை உடைந்த இடத்திலும், பெண்பிள்ளையின் மானம் பாதிக்கப்பட்ட இடத்திலும், ஜாதிக் கொடுமை நடந்த இடத்திலும் மூடி மறைக்காமல் பிராது கொடுத்தே தீரவேண்டும். மற்ற இடங்களில் ஸ்டேஷன் வாசலை மிதிக்க நியாயமில்லை.

டி.ஸி. விஷயம்தான் நம்மை உறுத்துகிறது. 2022-ல் உபாத்தியாயர்களை மாணாக்கர் அவமதிக்கும் படக் காட்சிகள் சில எங்கும் பரவின. அவ்வருஷம் மே மாதத்தில் சட்டசபையில் பள்ளிக் கல்வி மந்திரி, இவ்வாறு நடப்பவர்களை நீக்கி, நீக்கிய காரணத்தை டி.ஸி.யிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் எழுதி அனுப்புவதாகத் தெரிவித்தார். உபாத்தியாயர்களின் மனக்குமுறல் நியாயமானதே. நாற்பது பேர் நடுவில் கைகட்டி நின்று வசை கேட்கவேண்டும் என்று எவரும் அவர்களிடம் எதிர்பார்க்கலாகாது. ஆயினும் வக்கீல் என்ற முறையில் ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவின்படி, மிகக் கொடிய குற்றம் செய்த பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் நீங்கலாக, குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்ட பிள்ளைக்கும் அத் தீர்ப்பினால் பிற்காலத்தில் எந்தத் தகுதிக் குறைவும் வரலாகாது. அந்தப் பதிவுகளையே உரிய காலத்திற்குப் பின் அழித்துவிட வேண்டும். திருடிய பிள்ளையின் ஏட்டைச் சட்டம் அழிக்கிறது. மேஜைமேல் ஏறி ஆடிய பிள்ளையின் ஏட்டில் பள்ளிக்கூடம் எழுதுகிறது! அந்தக் காகிதத்தை ஏந்திக்கொண்டு அவன் எந்தப் பள்ளிவாசலில் போய் நிற்பான்? பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனியார் பள்ளி ஒன்று எங்கேனும் திறக்கும். கூலிக்காரன் மகன் செங்கற் சூளைக்கோ, மெக்கானிக் ஷெட்டுக்கோதான் போவான். எட்டாம் வகுப்பு முடியும் வரையில் எந்தக் குழந்தையையும் நீக்கலாகாது என்று கல்வி உரிமைச் சட்டம் தடுத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக் குழந்தைக்கு ஒரு வயதுதான் கூடுதல்.

பின் என்ன செய்வது? இளைஞர் நீதிச் சட்டமே புத்திமதி கூறுதல், சமூகத் தொண்டு செய்வித்தல், பெற்றோரிடம் அபராதம் வாங்குதல் ஆகியவற்றைத் தண்டனைகளாக வகுத்திருக்கிறது. கோர்ட்டுக்குப் போதுமானது பள்ளிக்குப் போதாதா? முதலில் அடிபட்டவனைத் தனியே அழைத்து அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். அநேகமாக எந்தப் பள்ளியிலும் இது கேட்கப்படுவதில்லை. குற்றவாளியைச் சுற்றியே கூட்டம் நிற்கும். நாற்காலியை இழுத்தவன் வைத்தியச் செலவுக்குத் தன் பெற்றோரைப் பொறுப்பாக்கட்டும். விழுந்தவன் படுக்கையில் இருக்கும் நாள்வரை அவனுடைய பாடங்களைத் தன் கையால் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அழித்த சுவரை அவனே வெள்ளையடிக்கட்டும். படம் எடுத்தவன் அதை அனுப்பிய ஒவ்வொருவரிடமும் போய் அழித்துவிடச் சொல்லட்டும். பிரார்த்தனைக் கூட்டத்தில் ஆயிரம் பேர் முன் மன்னிப்புக் கேட்கச் சொல்வது வேண்டாம். அது மற்றொரு வேடிக்கையாகிவிடும். எவர் முன் அவமதித்தானோ அவர் முன், அவமதிக்கப்பட்டவன் விரும்பினால் மட்டும், கேட்கட்டும். இடம் மாற்ற வேண்டுமானால் செய்தவனை மாற்றுக. அடிபட்ட பெண்ணை வேறு வகுப்புக்கு அனுப்பிவிட்டு அமைதி நிலவுவதாக அறிக்கை எழுதும் பள்ளிகளும் இருக்கின்றன. தண்டனைக்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும். அத்தேதிக்குப் பின் அதைப்பற்றி உபாத்தியாயர் வாய் திறக்கலாகாது. வகுப்பில் முதன் முதல் பட்டப்பெயர் சூட்டுகிறவர் சில சமயம் உபாத்தியாயரே என்பதையும், சூட்டியவுடன் அது வகுப்பு முழுவதற்கும் அனுமதிச் சீட்டாகிவிடுகிறது என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை.

இவற்றையெல்லாம் தலைமை உபாத்தியாயர் ஒருவரே தீர்மானிக்க வேண்டியதும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி ஸர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் நிர்வாகக் கமிட்டிகள் இருக்கின்றன. அங்கத்தினரில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர், பாதிப் பேர் ஸ்திரீகள். கூரை ஒழுகுவதையும் குழாய் உடைந்ததையும் பேசக் கூடும் அக்கமிட்டிகளிலிருந்து, இரு தரத்துப் பெற்றோரையும் சாராத மூவரைத் தேர்ந்து, எந்தப் பிள்ளைக்கும் டி.ஸி.யில் கையெழுத்திடுமுன் அவர்கள் அவனையும் அவனால் துன்புற்றவனையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்று கல்வி இலாகா ஓர் உத்தரவு பிறப்பிக்கலாம். அடுத்த பள்ளி வருஷம் தொடங்குவதற்குள் அதைச் செய்ய எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை.