உங்களுக்குத் தெரியுமா? கறுப்பு எலிக்குத் திறந்த கதவு!

மூளைக்கு மரபணுவைச் சுமந்து செல்லும் ஒரு வைரஸை அமெரிக்காவின் கால்டெக் விஞ்ஞானிகள் 2016இல் அறிவித்தார்கள். ரத்தத்தில் ஏற்றினால், கறுப்புச் சுண்டெலியின் மூளைக்குள் மளமளவென நுழைந்தது. ஆனால் ‘பால்ப்-சி’ என்ற வெள்ளைச் சுண்டெலி இனத்தில் வாசலிலேயே நின்றுவிட்டது! குரங்கிலும் ஏமாற்றம்தான்.

• நிறம் காரணமில்லை. மூளை ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள ‘எல்ஒய்6ஏ’ என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் அந்த வைரஸ் உள்ளே போகிறது. வெள்ளை இனத்தில் அதன் வடிவம் சற்றே வேறு. மனிதருக்கோ அந்தப் புரதமே கிடையாது. (எலியாகப் பிறந்திருக்கலாம்!)

• முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க் குழந்தைகளுக்கு, இதேபோல் வைரஸ் வழியே மரபணுவைக் கொண்டுசெல்லும் ‘ஸோல்ஜென்ஸ்மா’ மருந்து ரத்தத்தில் ஒரே முறை ஏற்றப்படுகிறது. அளவு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.1 கோடி கோடி வைரஸ்கள்! அதில் பெரும்பங்கு கல்லீரலுக்குப் போய்விடும். அதனால் கூடவே ஸ்டீராய்டும் தருகிறார்கள்.

• அதே நோய்க்கான ‘ஸ்பின்ராஸா’ மருந்து மூளை ரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்ட முயல்வதே இல்லை. தண்டுவட நீரிலேயே ஊசி.

• இரும்புச்சத்து மூளைக்குள் போக ஒரு வழி உண்டு: டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி. அதன் மனித வடிவத்தைப் பற்றிக்கொண்டு நுழையும் வைரஸை பிராட் இன்ஸ்டிட்யூட் குழு 2024இல் அறிவித்தது. மனித ஏற்பி பொருத்திய சுண்டெலிகளின் மூளையில், வழக்கமான ‘ஏஏவி9’ வைரஸைவிட 40 முதல் 50 மடங்கு கூடுதலாக அது சுமந்த மரபணு செயல்பட்டது.