திரையில் கண்ட திருத்தலங்கள்: தேயிலை மலையிலிருந்து மருதமலைக்கு

குறிஞ்சி நிலத்தின் தெய்வம் முருகப்பெருமான் என்பது தமிழர் மரபு. கடல் கடந்து வந்த தமிழர் மலை கண்ட இடங்களில் வேல் நட்டு வழிபட்டதில் வியப்பில்லை. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையும் இதற்கு விலக்கன்று. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தை நிறுவிய காலந்தொட்டு இச்சரிவுகளில் கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பங்கள் பல. பிரிஞ்சாங் நகரில் தண்டாயுதபாணி சுவாமி கோயில் கொண்டு அருள்பாலிக்கின்றார்.

பழனியாண்டவரின் அத்திருநாமத்தையே தம் படநிறுவனத்திற்குச் சூட்டியவர் சாண்டோ சின்னப்பா தேவர். அவருடைய தண்டாயுதபாணி பிலிம்ஸ் 1972-இல் வெளியிட்ட 'தெய்வம்' திரைப்படத்தை அறியாத முருக பக்தர் அரியர். எம். ஏ. திருமுகம் இயக்க, குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்தார். பாடல்கள் கவியரசு கண்ணதாசன் இயற்றியவை. திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகளும் அதில் தோன்றினார். மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணி அம்மாள், சூலமங்கலம் சகோதரிகள் ஆகியோர் பின்னணியில் மறைந்து நில்லாது தாமே திரையில் தோன்றிப் பாடியது அப்படத்தின் தனிச்சிறப்பு. தைப்பூச விடியலில் ஆலய ஒலிபெருக்கிகளில் இன்றும் சோமுவின் கம்பீரக் குரல் ஒலிக்கின்றதென்றால், அது இப்படம் தந்த கொடையாகும்.

தோட்டத் தமிழருக்கு இப்படம் வெறும் பொழுதுபோக்கன்று. கப்பலேறி வந்த முதல் தலைமுறையினருள் பலர், பழனியையும் செந்தூரையும் மறுமுறை காணாமலே இம்மண்ணில் கலந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்கு அத்தலங்கள் பாட்டி சொல்லக் கேட்ட பெயர்கள் மட்டுமே. கோபுரமும் படிக்கட்டும் கடற்கரையும் எத்தகையன என்பதை அன்னோர் கண்ணுக்குக் காட்டியது வெள்ளித்திரை. அதற்கு முன்னரே, 1969-இல் தேவர் தயாரித்த 'துணைவன்' படத்தில் பாடிய கே. பி. சுந்தராம்பாள் அம்மையாருக்குத் தேசிய விருது கிட்டியது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இன்று தமிழகத் தலயாத்திரை மேற்கொள்ளும் மலேசிய அன்பர்கள், அப்பாடல்கள் படமாக்கப்பட்ட இடங்களைத் தேடிக் காண விழைகின்றனர். அவற்றுள் மனத்தை முதலில் ஈர்ப்பது கோயம்புத்தூருக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருதமலை. தேவர் கோவையைச் சேர்ந்தவர். இம்மலையின் திருப்பணிகளுக்கு வாரி வழங்கியவர். படிவழியே ஏறுவோர் பாம்பாட்டிச் சித்தர் குகையையும் தரிசிக்கலாம். மலைக்குச் சாலை வசதியும் உண்டு. தேயிலைச் சரிவில் ஆயுள் முழுதும் ஏறி இறங்கிய மூதாட்டியர்க்குப் படி ஒரு பொருட்டா என்று இளையோர் கேட்பர். அம்முழங்கால்கள் தேய்ந்ததே அச்சரிவில்தான் என்பதை மறத்தலாகாது.

படத்தில் கண்ட மருதமலை அப்படியே இருக்குமென்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. 2025 ஏப்ரலில் அங்குக் குடமுழுக்கு நடைபெற்றது. அதே ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் திருச்செந்தூரிலும் குடமுழுக்கு நிகழ்ந்தது. டி. எம். சௌந்தரராசனும் சீர்காழி கோவிந்தராசனும் இணைந்து பாடிய அக்கடற்கரையில் இன்று கூட்டம் அலைமோதுகின்றது. மாறாதிருப்பது கடலும் நாழிக்கிணறும்.

மற்றொன்று: அன்று படப்பிடிப்புக் கருவி கோயிலுக்குச் சென்றது, இன்று நம் கையிலுள்ள கைப்பேசிக்கு அங்கு இடமில்லை. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட ஆணைப்படி தமிழகத் திருக்கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கப்பட்டது. பழனியில் 2023 அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. சோமு நின்ற இடத்தில் நின்று படமெடுக்க எண்ணிச் சென்றவர்க்கு இது மனக்குறைதான். எனினும் கை ஓய்ந்தால் கண் இறைவன்பால் திரும்பும், தடை நன்றேயாகும்.

நம் நாட்டுத் தலமும் இவ்வரிசையில் சேர்ந்துவிட்டது. 2006-இல் எழுந்த 140 அடி உயர முருகன் திருவுருவத்தின் முன், 2007-இல் வெளிவந்த 'பில்லா' படத்தின் பாடற்காட்சி பத்துமலையில் படமாக்கப்பட்டது. ஆட்டமும் பாட்டமுமாய் அமைந்த அது வேறு வகை. 'தெய்வம்' படத்தோடு ஒப்பிடத்தக்கதன்று.

தோட்டத்தை விட்டு நகர்ப்புறம் சென்ற பிள்ளைகள், திருவிழாவுக்கு மலையேறி வரும்போது பெற்றோருடன் அமர்ந்து யாத்திரைக்கு நாள் குறித்தல் நலம். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வானூர்தியில் சென்று இறங்குவோர், முதலில் பழனியைத் தரிசித்துப் பொள்ளாச்சி வழியே கோவைக்குச் செல்லலாம். பழனியில் 693 படிகள். முதியோருக்கு விஞ்சும் ரோப்காரும் உள்ளன. திருச்செந்தூரைப் பயணத்தின் இறுதியில் வைத்துக்கொள்க. கந்தசஷ்டி நாட்களில் மட்டும் முதியோரை அங்கு அழைத்துச் செல்லுதல் வேண்டா. சூரசம்ஹாரத்தன்று கடற்கரையில் நிற்கவும் இடம் கிடைப்பதரிது.