நஞ்சுக்கொடி வேரூன்றும் வாரங்கள்

குழந்தை பிறந்த சில நிமிடங்களில் வெளியேறி, கழிவென்று அகற்றப்படும் நஞ்சுக்கொடி, அதுவரை கருவுக்கு நுரையீரலாகவும் குடலாகவும் சிறுநீரகமாகவும் சுரப்பியாகவும் ஒரே வேளையில் பணிபுரிந்த உறுப்பாகும். நிறைமாதத்தில் அரை கிலோ எடையும் ஏறத்தாழ 22 செ.மீ. விட்டமும் கொண்ட இந்தத் தட்டினுள் விரலிகள் எனப்படும் நுண்கிளைகள் அடர்ந்திருப்பதால், தாயின் குருதியைத் தொடும் அதன் பரப்பு 10 சதுர மீட்டரையும் தாண்டுகிறது. தாயின் குருதியும் சேயின் குருதியும் இங்கு அடுத்தடுத்து ஓடினாலும் கலப்பதில்லை. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த வில்லியம் ஹண்டர், ஜான் ஹண்டர் சகோதரர்கள், கருவுற்ற கருப்பையின் குருதிக்குழாய்களில் உருக்கிய மெழுகைச் செலுத்தி இந்த உண்மையை நிறுவினர்.

நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி தாயின் உடலிலிருந்து அல்ல, கருவிலிருந்தே உருவாகிறது. கருவுற்ற ஒரு வாரத்துக்குள் கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் உயிரணுப் பந்தின் வெளியுறையான டிரோபோபிளாஸ்ட் என்னும் படலமே அதன் தொடக்கம். அந்த உயிரணுக்களுள் ஒரு பகுதி ஒன்றோடொன்று இணைந்து, இடைச்சுவர் இல்லாத ஒரே உறையாக விரலிகளைப் போர்த்துகிறது. இவ்விணைப்புக்கு உதவும் சின்சிட்டின் என்ற புரதத்தின் மரபணு, பல கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதை உயிரினங்களைத் தொற்றிய ரெட்ரோவைரஸ் ஒன்றின் எச்சம் என்பது 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தொற்றவந்த கிருமியின் கருவியே பிள்ளைப்பேற்றுக்குத் துணையானது, உயிரியலின் பெரும் வியப்புகளுள் ஒன்று.

மற்றொரு பகுதி உயிரணுக்கள் விரலிகளை விட்டு நீங்கிக் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, அங்குள்ள சுருள் தமனிகளை அடைகின்றன. முதலில் அவை அத்தமனிகளின் வாயை அடைத்துவிடுவதால், முதல் பத்து வாரங்களில் விரலிகளைச் சூழ்ந்த இடத்துக்குத் தாயின் குருதி பெரும்பாலும் வருவதில்லை. கரு அந்த நாள்களில் கருப்பைச் சுரப்பிகளின் சுரப்பை உண்டு, குறைந்த ஆக்சிஜனில் வளர்கிறது. உறுப்புகள் உருப்பெறும் அந்தக் காலத்தில் ஆக்சிஜன் மிகுவது கேடு என்பதால், இது ஒரு பாதுகாப்பு எனவே கருதப்படுகிறது. மூன்றாம் மாத இறுதியில் அடைப்புகள் தளர்கின்றன. அதற்கிடையே தமனிச் சுவரின் தசையும் மீள்நாரும் கரைந்து, சுருங்கி விரியும் குறுகிய குழாய் சுருங்க இயலாத அகன்ற குழாயாக மாறியிருக்கும். அகன்ற வாயின் வழியே குருதி வேகம் தணிந்து பரவுவதால்தான் விரலிகள் சிதையாமல் உணவும் ஆக்சிஜனும் பெறுகின்றன. பெல்ஜிய மருத்துவர் ஈவோ புரோசன்ஸ் தம் சகாக்களுடன் 1967இல் விளக்கிய இந்த மாற்றம், மகப்பேற்றின் நலனைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

ஊடுருவல் அளவு மீறினால் நஞ்சுக்கொடி கருப்பைத் தசையோடு ஒன்றிப் பிரியாமல், பிரசவத்தில் கடும் குருதிப்போக்கை விளைவிக்கும். முந்தைய அறுவைப் பிரசவத்தின் தழும்பில் அது பதியும்போது இந்த ஆபத்து கூடுகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 45 பிரசவங்கள் அறுவை மூலம் நிகழும் தமிழ்நாட்டில் இது அக்கறையோடு கவனிக்கவேண்டிய செய்தி.

ஊடுருவல் போதாமற்போனால் வேறொரு கேடு விளைகிறது. தமனிகள் குறுகியே இருப்பதால், கட்டைவிரலால் வாயை அழுத்திய ரப்பர் குழாயில் நீர் பீறிடுவதுபோலக் குருதி பாய்ந்து விரலிகளைத் தாக்குகிறது. வரத்தும் சீராக இருப்பதில்லை. நலிந்த நஞ்சுக்கொடியால் கருவின் வளர்ச்சி குன்றலாம். தாய்க்கு, 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90ஐ எட்டி, சிறுநீரில் புரதம் வெளியேறுவதையோ உறுப்புகள் பாதிக்கப்படுவதையோ அறிகுறியாகக் கொண்ட முன்சூல்வலிப்பு நோய் தோன்றலாம். நிறைமாதத்தை ஒட்டித் தோன்றும் வகையில் தாயின் உடற்பருமன், முன்பே உள்ள இரத்தக்கொதிப்பு போன்றவற்றுக்கும் பங்குண்டு.

கருப்பையில் நிகழும் குறை தாயின் சிறுநீரகத்தையும் மூளையையும் எவ்வாறு தாக்குகிறது என்ற கேள்விக்கு நெடுங்காலம் விடையில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பாஸ்டனில் பணியாற்றிய சிறுநீரக மருத்துவர் அனந்த் கருமாஞ்சியின் குழு 2003இல் அதன் முக்கியமான ஒரு கண்ணியைக் கண்டறிந்தது. நலிந்த நஞ்சுக்கொடி எஸ்எஃப்எல்டி-1 என்னும் புரதத்தை மிகையாகத் தாயின் குருதியில் கலக்கிறது. அது குருதிக்குழாய்களின் உட்படலத்தைக் காக்கும் வளர்ச்சிக் காரணிகளைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. சினையுற்ற எலிகளின் உடலில் அப்புரதத்தை மிகுவித்தபோது, இரத்தக்கொதிப்பும் சிறுநீரில் புரதமும் அவற்றுக்கும் வந்தன. அப்புரதத்துக்கும் வளர்ச்சிக் காரணிக்கும் உள்ள விகிதத்தை அளந்து, நோய் கடுமையாகுமா என்று கணிக்கும் குருதிச் சோதனை இன்று சில நாடுகளில் வழக்கில் உள்ளது.

நோயின் விதை முதல் மூன்று மாதங்களிலேயே விழுவதால் தடுப்பும் அப்போதே தொடங்கவேண்டும். ஆபத்து மிகுந்தோரைக் கண்டறிந்து 11 முதல் 14 வாரங்களுக்குள் தொடங்கி 36ஆம் வாரம்வரை நாளொன்றுக்கு 150 மி.கி. ஆஸ்பிரின் அளித்த, 2017இல் வெளியான ஆய்வில், 37 வாரங்களுக்கு முன் பிரசவத்தில் முடியும் முன்சூல்வலிப்பு 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. மருத்துவர் சொல்லாமல் எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாத மருந்து இது. ஆனால் ஐந்தாம் மாதத்தில் முதல் பரிசோதனைக்கு வரும் பெண்ணுக்கு இந்த வாய்ப்பின் பெரும்பகுதி கைநழுவிப் போயிருக்கும்.

நோய் தோன்றியபின் அதற்குத் தீர்வு பிரசவம் ஒன்றே. வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் தரப்படுகிறது. எனினும் நஞ்சுக்கொடி வெளியேறிய பின்னும் சில நாள்களுக்கு, அரிதாகச் சில வாரங்களுக்கு, வலிப்பு வரக்கூடும் என்பதால், வீடு திரும்பிய தாய்க்குத் தாளாத தலைவலியோ பார்வை மங்கலோ ஏற்பட்டால் அதைத் தூக்கமின்மையின் விளைவென்று விட்டுவிடாமல் உடனே இரத்த அழுத்தத்தை அளக்கவேண்டும்.