ஏரி நீரும் ஆராய்ச்சிப் பட்டமும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் சில சீசாக்களும் ஒரு பனிக்கட்டிப் பெட்டியும் கையிற்கொண்டு ஏரிக்கரையிலோ கிணற்றடியிலோ வந்து நிற்கும் இளைஞர்களைக் கண்டு, நிலத்தை எடுத்துக்கொள்ள வந்த சர்க்கார் சிப்பந்திகளோ என்று குடியானவர்கள் ஐயுறுவது இயல்பே. அவர்கள் பெரும்பாலும் சுற்றுச்சூழல் இயலில் டாக்டர் பட்டத்திற்காக ஆராய்ச்சி செய்யும் மாணாக்கர்களாவர். அப்பட்டம் எத்தகையது, அதற்காக ஊரார் கிணற்று நீர் ஏன் தேவைப்படுகிறது என்பவற்றை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

இவ்வட்டாரம் ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த பூமி. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டையும் ஏற்பட்டன. பின்னர் ஆயக்கட்டு நிலங்களிற் பெரும்பகுதி வீட்டு மனைகளாயிற்று. எனினும் ஏரிகளுக்குள் இருந்த தொடர்பு அற்றுப்போகவில்லை. அம்பத்தூர் ஏரியின் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரத்தை அடுத்த இரட்டை ஏரிக்கும் செல்வது பழைய ஏற்பாடு. ஆகவே மேல் ஏரியிற் கலந்த அழுக்கு கீழ் ஏரியையும், அதனருகிலுள்ள கிணறுகளையும் சேராமல் இராது. அவ்வழுக்கு வீட்டுச் சாக்கடையா, பட்டறைக் கழிவா, வயலில் மிதமிஞ்சி இட்ட யூரியாவா என்பதைக் கண்ணால் நிச்சயிக்க இயலாது. "தண்ணீர் கெட்டுவிட்டது" என்று மட்டும் எழுதும் மனுவுக்கு அதிகாரிகளிடத்தில் வலு குறைவு. இன்ன மாதம், இன்ன இடம், இன்ன அளவு என்று கணக்குடன் எழுதுவதற்கே வலு உண்டு. அக்கணக்கைப் பல பருவங்கள் தொடர்ந்து எடுப்பதே இவ்வாராய்ச்சியின் சாரம்.

பட்டத்தின் விதிகள் சுருக்கமானவை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட விதிகளின்படி, முதுகலையில் நூற்றுக்கு 55 விழுக்காடேனும், அல்லது நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடேனும் பெற்றவர் சேரலாம். பட்டியல் வகுப்பினர், பிற்பட்டோர் முதலியோருக்கு 5 விழுக்காடு சலுகை உண்டு. எம்.பில். பட்டம் அவ்விதிகளால் நின்றுபோயிற்று. காலம் குறைந்தது 3 ஆண்டு, சாதாரணமாக 6 ஆண்டுக்கு மேற்படாது. தேசியத் தகுதித் தேர்வில் உயர்ந்த தரம் பெற்று இளநிலை உதவித்தொகைக்குத் தேர்ந்தவர்க்கு, 2023 முதல் நிர்ணயித்தபடி முதல் இரண்டாண்டுகள் மாதம் ரூ. 37,000 உண்டு, ஆகையால் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் இதில் துணிந்து இறங்கலாம். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்திலும் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் இதற்கு வசதி உண்டு. பின்னதன் மூலம் இவ்வட்டாரத்திற்குத் தொலைவானதன்று: 1868-இல் சைதாப்பேட்டையில் தோன்றிய வேளாண்மைப் பள்ளியே 1906-இல் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டது.

மாணாக்கர் ஒருமுறை வந்து சென்றபின் மீண்டும் மீண்டும் ஏன் வருகிறார் என்று பலர் கேட்பதுண்டு. கோடையில் நீர் வற்ற உப்பு செறியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் அது நீர்த்துப்போகும். மழைக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டாலன்றி ஒரு சீசாத் தண்ணீர் எதையும் மெய்ப்பிக்காது. எடுக்கும் விதமும் முக்கியம். கிணற்றில் மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, அந்நீராலேயே சீசாவைக் கழுவிப் பிடிக்கவேண்டும். நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவை அளக்க, கரையிலேயே மருந்து சேர்த்து அதை நிலைப்படுத்தவேண்டும். ஈயம் முதலிய உலோகங்களைச் சோதிக்க வேண்டுமாயின் சிறிது நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். மற்றவை பனிக்கட்டியில் வைத்து விரைவில் சாலையைச் சேரவேண்டும். பிள்ளைக்கு அலைச்சல் குறையட்டும் என்று நல்லெண்ணத்தால் முதல் நாளே பிடித்து வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கும் நீரால் பயனில்லை.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாதென்பது இந்தியத் தர நிர்ணயம். இவ்வளவு மீறினால் காரணம் எப்போதும் ஆலையே என்று கொள்ளலாகாது. மலக்குழியும் உரமூட்டையும்கூடக் காரணமாகலாம். எத்தனை மூட்டை இட்டீர்கள் என்று மாணாக்கர் கேட்டால் குறைத்துச் சொல்லுதல் தம் கிணற்றின் நோயைத் தாமே மறைப்பதாகும்.

கிராம அதிகாரிகளின் உதவி வேறு வகைத்து. பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தபின் அடங்கலும் 'அ' பதிவேடும் கிராம நிர்வாக அலுவலர் பொறுப்பில் வந்தன. எந்தச் சர்வே எண் முன்பு நஞ்சை, எது வாய்க்கால் புறம்போக்கு என்பது அவற்றால் விளங்கும். எந்த மதகு தூர்ந்தது, எந்த வரத்துக்கால் மனைகளுக்கடியில் மறைந்தது என்பதோ முதியோர் நினைவில்தான் உண்டு. இதை அறியாத மாணாக்கர் நீர் வாராத திசையில் மாதிரி எடுத்து வீண் உழைப்பு உழைப்பார்.

வருபவரிடம் வழிகாட்டும் பேராசிரியரின் கடிதத்தைக் கேட்டுப் பார்த்தல் முறையே. தம் கிணற்றின் எண்ணும் தேதியும் குறித்துக்கொண்டு, முடிவைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதித் தரும்படி கோரலாம். ஆராய்ச்சி நூல் முழுவதும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். ஒன்று கவனிக்கத்தக்கது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, வழக்கிற் சாட்சியமாவதற்கென ஆலைக் கழிவு நீரை மாதிரி எடுக்கும் அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கே அளிக்கப்பட்டுள்ளது. மாணாக்கர் எடுத்தது அதற்கு ஈடாகாது. ஆயினும் அவர் தரும் அளவுகளை மனுவுடன் இணைத்தால், எவ்விடத்தில், எம்மாதத்தில் வந்து எடுக்கவேண்டும் என்பதை வாரியத்தார் அதிலிருந்தே தெரிந்துகொள்வர்.